உள்ளிருந்து பூசிய கதவு

அந்தக் காலத்தில் மரத்துக்கும் வாய் இருந்தது, பறவைக்கும் பேச்சு இருந்தது. மலைக்காட்டு இருவாச்சிகள் மற்றப் பறவைகளைப் போலவே கிளைக்கவட்டில் சுள்ளி அடுக்கித்தான் கூடு கட்டின. கூட்டுக்குக் கதவு கிடையாது. பாம்புக்கும் பருந்துக்கும் பயந்தவர்கள்கூட, சொந்தக்காரர்களுக்குப் பயந்து கதவு வைக்க வேண்டி வரும் என்று நினைத்ததில்லை.

அந்தக் காட்டின் நடுவே ஓர் ஆறு. மேல்கரை இருவாச்சிக்கும் கீழ்க்கரை இருவாச்சிக்கும் ஒரே நிறம், ஒரே அலகு, ஒரே குரல். ஆனாலும் ஒரு கரைப் பெண் மறுகரையில் துணை தேடக் கூடாது. ஏன் என்று கேட்டால், "அது அப்படித்தான்" என்பார்கள். மீறி ஒருத்தி முட்டையிட்டால் அதைப் பாறையில் உருட்டிவிடுவார்கள். உருட்டுவது அவளுடைய அண்ணன்மாரின் கடமை.

இலஞ்சி மேல்கரைப் பெண். வேங்கன் கீழ்க்கரைக்காரன். ஆற்று நடுவில், எந்தக் கரைக்கும் சொந்தமில்லாத பாறைத்திட்டில் ஓர் அத்திமரம் நின்றது. அதில்தான் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க அண்ணன்மார் கண்டா உன் றெக்கையைப் பிச்சுப் போட்டுருவாங்க" என்றாள் இலஞ்சி.

"பிய்க்கட்டும். நடந்து வந்து உனக்குப் பழம் தர்றேன்."

"நடந்தா? உன் நடையைப் பார்த்துக் குரங்கெல்லாம் சிரிக்கும்."

"குரங்கு சிரிச்சா எனக்கென்ன, நீ சிரிப்பியா?"

அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கத் திறந்த அலகில் அவன் ஓர் அத்திப்பழத்தை வைத்தான். அவள் துப்பவில்லை. இருவாச்சிகளுக்கு அதுதான் கல்யாணம்.

அதற்குப் பிறகு ஆணுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. துணைக்கென்று பறித்த பழத்தை அவன் விழுங்கக் கூடாது, வழியில் போடவும் கூடாது. அவள் செத்தே போனாலும் அவள் கூட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் அவன் வேறு வேலை பார்க்கலாம்.

வயிறு கனத்த நாளிலிருந்து இலஞ்சியிடம் சிரிப்பு இல்லை. எந்தக் கிளையில் கூடு கட்ட நினைத்தாலும் அந்தக் கிளையில் அண்ணன் வந்து உட்கார்வது போலத் தோன்றியது. இலை அசைந்தால் திடுக்கிட்டாள். கண்ணை மூட மறுத்தாள்.

"இன்னும் முட்டையே வரலையே இலஞ்சி. அதுக்குள்ள ஏன் இப்படி?"

"வந்த பிறகு பயப்பட ஆரம்பிச்சா நேரம் இருக்குமா?"

அதைக் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு கிழட்டுக் குங்கிலிய மரம். அதன் நெஞ்சில் ஆழமான பொந்து ஒன்று இருந்தது.

"என்னிடம் வா, பெண்ணே" என்றது மரம். "இடம் தருகிறேன். வாசலை நீதான் உள்ளிருந்து அடைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று. உன் பறக்கும் இறகுகளை என்னிடம் விட்டுவிட வேண்டும். உன் குஞ்சுக்கு இறகு முளைக்கும் நாளில் உனக்கும் திருப்பித் தருவேன்."

வேங்கன் குறுக்கிட்டான். "வேண்டாம். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ உள்ளேயே பட்டினி கிடந்து போயிருவ."

"வெளியில இருந்தா பிள்ளை போயிரும்" என்றாள் இலஞ்சி. "நீ வந்துரு. அவ்வளவுதான்."

உள்ளே போனாள். அவன் கொண்டுவந்த ஈரமண்ணைப் பழச்சக்கையோடு குழைத்து, அலகால் தட்டித் தட்டி வாசலைப் பூசினாள். ஓர் அலகு நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு பிளவை விட்டாள். பூசி முடித்ததும், மரம் சொன்னபடியே, அவளுடைய நீள இறகுகள் எல்லாம் ஒரேயடியாக உதிர்ந்தன. பொந்துக்குள் இடமில்லை. ஒவ்வொன்றாகப் பிளவு வழியே வெளியே தள்ளினாள். அன்று மாலை முட்டை வந்தது.

வேங்கன் பழம் தேடிப் போயிருந்த ஒரு பொழுதில், இலஞ்சியைத் தேடிக்கொண்டு அண்ணன்மார் வந்தார்கள். கூடவே அவளுடைய அம்மா.

"அம்மா, இங்க பாரு! நம்ம இலஞ்சியோட இறகு!" என்று சின்னவன் அலறினான். "மரநாய் தின்னுட்டுப் போயிருக்கு."

"நல்லதாப் போச்சு. நம்ம கைக்கு வேலை இல்லை" என்றான் பெரியவன். சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது.

அம்மா ஓர் இறகை எடுத்து அதன் அடிக்காம்பைப் பார்த்தாள். பிடுங்கிய இறகென்றால் காம்பில் ரத்தம் இருக்கும். இதில் இல்லை. காய்ந்து, வெளுத்து, சுத்தமாக இருந்தது. அம்மா மெல்லத் தலை நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள்.

பூசிய மண் காய்ந்து, ஓரத்தில் ஒரு வெடிப்பு விட்டிருந்தது.

"ஐயோ, என் தங்கமே!" என்று அம்மா கத்தினாள். கீழே விழுந்து ஈரமண்ணை வாரி மரநாய்க்குச் சாபமிட்டாள். மண் அப்பிய அலகோடு பறந்து போய் மரத்தின் மேல் விழுந்து, இரண்டு சிறகையும் விரித்துக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள்.

உள்ளே இருட்டிப்போனது. பிளவில் ஒரு கண் தெரிந்தது. அது அம்மாவின் கண் என்று இலஞ்சிக்குத் தெரிந்தது. வயிற்றிலிருந்து "அம்மா" என்ற சொல் எழுந்து தொண்டை வரை வந்தது. முட்டையின் மேல் இன்னும் இறுக உட்கார்ந்து அதை விழுங்கினாள். வெளியே அழுகை ஓயவில்லை. அழுகைக்கு நடுவில், வெடிப்பு இருந்த இடத்தில் ஈரமண் வந்து ஒட்டியது.

"போதும்மா, வா" என்றான் பெரியவன். மூவரும் போனார்கள். அதற்குப் பிறகு அம்மாவும் மகளும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

காடு முழுக்கச் சேதி பரவியது. வழியில் வேங்கனை ஒரு மைனா நிறுத்தியது. "பழமா கொண்டு போற? யாருக்கு? உன் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்துட்டா. அவ அம்மா அழுததை என் காதால கேட்டேன்."

வேங்கன் நேராக மலையுச்சிக்குப் பறந்தான். கீழே பாறை. சிறகை மடக்கினால் போதும். மடக்கப் போனவனுக்குத் தொண்டையில் ஏதோ உறுத்தியது. அவளுக்காகப் பறித்த பழம்.

விழுங்க முடியாது. போடவும் முடியாது.

"இதைச் சேர்த்துட்டு வந்து சாகிறேன்" என்று மலையிடம் சொல்லிவிட்டுக் குங்கிலிய மரத்துக்கு வந்தான். அடியில் அவள் இறகுகள் கிடந்தன. கண்ணை மூடிக்கொண்டு, பழத்தைப் பிளவில் வைத்தான்.

உள்ளிருந்து ஓர் அலகு அதை வாங்கிக்கொண்டது.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள் இலஞ்சி. "பசி உயிர் போகுது."

பிளவில் அலகை வைத்தபடியே வெகுநேரம் நின்றான்.

குஞ்சுக்கு இறகு முளைத்தபோது மரம் வாக்கைக் காப்பாற்றியது. இலஞ்சி மண்ணைக் கொத்தி உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மேல்கரையில் அம்மா தன் மகன்களிடம் சாகும்வரை எதுவும் சொல்லவில்லை. ஆனால் முட்டையிடும் பருவம் வந்த பெண்களை மட்டும் தனியே அழைத்து, மண் எப்படிக் குழைப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். முதலில் பயந்தவர்கள் பூசினார்கள். பிறகு எல்லோரும் பூசினார்கள்.

அன்று முதல்தான், தாயாகப் போகும் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய்த் தன் வாசலைத் தானே உள்ளிருந்து அடைத்துக்கொள்கிறாள். அன்று முதல்தான், காட்டில் யார் என்ன சேதி சொன்னாலும் நம்பாமல், அவளுடைய துணைவன் பழத்தோடு வந்து முதலில் அந்தப் பிளவில் அலகை வைத்துப் பார்க்கிறான்.