சுண்டுவிரல் வாக்கு

முதலில் கேட்டது சத்தம்தான். கிளிஞ்சலோடு கிளிஞ்சல் உரசுகிற சத்தம். தூரத்தில் தொடங்கி, நின்று, மறுபடி கிளம்பி, கலியமூர்த்தியின் காதருகே வந்து நின்றுகொண்டது.

கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர், திறக்கக்கூடாது என்றுதான் இருந்தார்.

“பாபா, எந்த ஊர்?”

திறந்துவிட்டார்.

பாலித் தீவின் கடற்கரை. எதிரே ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். தோளில் மூங்கில் கழி, அதன் இரண்டு முனையிலும் கிளிஞ்சல் சரங்கள். பெயர் நெங்கா என்றாள். அவளிடம் கொஞ்சம் இங்கிலீஷ் இருந்தது. அவரிடமும் கொஞ்சம் இருந்தது.

“வாசல்ல மாட்டுங்க. காத்து வந்தா வீடு சிரிக்கும்.”

“எனக்கு வாசலே இல்லம்மா.”

“அப்ப ஜன்னல்ல மாட்டுங்க.”

அவர் ஒரு சரத்தைத் தொட்டுப் பார்த்தார். வெள்ளைச் சரம். தொட்டது தப்பாகிவிட்டது. அதை அவள் கழியிலிருந்து கழற்றி நீட்டினாள்.

“பெசோக்,” என்றார். நாளைக்கு. அந்த ஊர்ச் சொல்லில் அவர் கற்று வைத்திருந்தது அது ஒன்றுதான்.

“நிஜமா?”

“நிஜமா. இதே இடம்.”

அவள் சுண்டுவிரலை நீட்டினாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. தன் சுண்டுவிரலைக் கோத்துக் கொடுத்தார். சத்தம் நகர்ந்து போயிற்று.

விடுதிச் சமையல்கட்டில் வீரபாகு சாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். சீடரைவிடக் குருவுக்குப் பதினைந்து வயது குறைவு. கலியமூர்த்தி ஒரு தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்து, ஓய்வு பெற்ற கையோடு வீட்டைவிட்டு மடத்துக்கு வந்தவர். வந்து ஆறு வருஷம். காவி கேட்டு இரண்டு வருஷம். அன்பர் ஒருவர் டிக்கெட் போட்டுக் கொடுத்து இருவரும் இந்தத் தீவுக்குக் கிளம்பியபோது, வருகிற பௌர்ணமியன்று கடலில் முழுகவைத்துக் காவி தருவதாகச் சாமி சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் ஒன்று கேட்பேன் என்றும் சொல்லியிருந்தார்.

பௌர்ணமிக்கு இன்னும் இரண்டு நாள்.

கலியமூர்த்தி வள்ளைக்கீரையைத் தட்டில் பரப்பி ஆயத் தொடங்கினார்.

“இந்த ஊர்ல உட்காரவே முடியல சாமி. அன்னாசிப்பழம், லுங்கி, மசாஜ், கிளிஞ்சல். கண்ணை மூடினா ஒரு ஆள்.”

“என்ன சொல்லி அனுப்புறீங்க?”

“நாளைக்குன்னு. எல்லாரும் சிரிச்சுட்டுப் போயிடறாங்க. வெள்ளைக்காரனும் இதேதான் சொல்றான்னு ஒருத்தர் சொல்லிட்டே போனார். இந்தக் கிளிஞ்சல்கார அம்மா மட்டும் விரலை நீட்டுது.”

“வாங்கப் போறீங்களா?”

“எனக்கு எதுக்கு சாமி?”

“அப்ப வேண்டாம்னு சொல்றது.”

“மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? நம்ம பக்கம் அரிசி தீர்ந்தாக்கூட இல்லைன்னு சொல்லமாட்டோமே. நிறைஞ்சிருக்குன்னுதானே சொல்வோம்?”

“தாலுகா ஆபீஸ்ல?”

“நாளைக்கு வாங்கன்னு.” கலியமூர்த்தி தானே சிரித்துவிட்டார். “ஆனா இது வாக்கு இல்ல சாமி. கையடிச்சா கொடுத்தேன்? சுண்டுவிரல்தானே. நம்ம ஊர்ல சுண்டுவிரலை நீட்டினா காய் விட்டாச்சுன்னு அர்த்தம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சண்டை.”

“அந்தம்மா எந்த ஊர்ப் பள்ளிக்கூடம்?”

கீரைத் தண்டில் ஒரு பூச்சி இருந்தது. கலியமூர்த்தி அதை எடுத்து வெளியே விட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் விடியலில் அதே இடத்தில் துண்டை விரித்து உட்கார்ந்தார். சிவப்புக்கரைத் துண்டு. தீபாவளிக்குத் தீபாவளி மனைவி வேதவல்லி கடலூரிலிருந்து மடத்துக்குத் தபாலில் அனுப்புவது.

இதோ வரும், இதோ வரும் என்று அந்தச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்திருந்தார். வரவில்லை. அலை மட்டும் கேட்டது. அப்புறம் அலையும் கேட்கவில்லை.

கண் திறந்தபோது வெயில் ஏறியிருந்தது. உடம்பு லேசாக இருந்தது. எழுந்து நேரே கடலில் இறங்கி முழுகினார். சொட்டச் சொட்டத் தண்ணீர் ஓரமாகவே நடந்து விடுதிக்கு வந்துவிட்டார்.

சாமி கீரைக் கட்டைப் பிரித்து வைத்திருந்தார்.

“இன்னிக்குக் கிடைச்சிருச்சு சாமி!” என்றார். “ஒரு சத்தம் கிடையாது. ஆறு வருஷத்துல இப்படி உட்கார்ந்ததில்ல.”

“நல்லது. துண்டு எங்க?”

தோளைத் தொட்டுப் பார்த்தார். “போட்டுட்டு வந்துட்டேன்போல.”

“எடுத்துட்டு வாங்க. கீரை அதுக்குள்ள வாடிடாது.”

மணல் காலைச் சுட்டது. தூரத்திலேயே சிவப்புக்கரை தெரிந்தது. ஆனால் காலையில் விரித்த இடத்தில் இல்லை. அலை ஏற ஏற யாரோ அதை மேலே மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். மணலில் தடம் இருந்தது.

துண்டுக்கு ஒரு முழம் தள்ளி நெங்கா உட்கார்ந்திருந்தாள். கழி கீழே கிடந்தது. சரங்கள் எல்லாம் மடியில். அவற்றைத் துணியால் சுற்றி, தூங்குகிற பிள்ளையைப் போல இரண்டு கையாலும் அணைத்திருந்தாள்.

பக்கத்தில் அன்னாசி சீவிக்கொண்டிருந்தவள், அவருக்கும் புரியட்டும் என்று இங்கிலீஷிலேயே கத்தினாள். “நெங்கா, உன் மாப்பிள்ளை வந்தாச்சு! கல்யாணச் சாப்பாடு எப்போ?”

நெங்கா எழுந்தாள். கைப்பிடி தளர்ந்ததும் கிளிஞ்சல்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் கலகலத்தன.

“காலையிலேர்ந்து இங்கதான் இருக்கியாம்மா?”

“நீங்க உட்கார்ந்தப்பவே வந்துட்டேன். உங்களுக்குப் பின்னால.”

“கூப்பிட்டிருக்கலாமே.”

“சாமி கும்பிட்டீங்க. அதான் சத்தம் வராம பிடிச்சுக்கிட்டேன். அப்புறம் கடலுக்குப் போனீங்க. துண்டு இருந்துச்சு. துண்டுக்கு வருவீங்கள்ல?”

“யாரும் வாங்க வரலையா?”

“ரெண்டு பேர் இதைக் கேட்டாங்க.” வெள்ளைச் சரத்தை மடியிலிருந்து உருவினாள். “ஆள் இருக்குன்னு சொல்லிட்டேன்.”

“மத்ததையாவது காட்டுடின்னேன்,” என்றாள் அன்னாசிக்காரி. “காட்டினா சத்தம் வருமாம். பாபா முழிச்சுக்குவாராம். பைத்தியம்!”

கலியமூர்த்தியின் கை இடுப்புக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. மடத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவர் காசு வைத்துக்கொள்வதில்லை. வாய் தானாகத் திறந்தது. அவருக்குத் தெரிந்த அந்த ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்தது.

நெங்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லம்மா,” என்றார். “நான் வாங்கமாட்டேன். நேத்தே வாங்குற எண்ணம் இல்ல.”

அன்னாசி சீவுகிற கத்தி நின்றது.

நெங்கா வெள்ளைச் சரத்தைக் கழியில் மாட்டினாள். பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாக. கடைசியில் துண்டை எடுத்து உதறி, நாலாக மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

“இல்லைன்னா இல்லை, பாபா. நேத்தே சொல்லியிருந்தா என் வழியில நடந்திருப்பேன்.”

கழியைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனாள். கிளிஞ்சல் சத்தம் சிறுத்துச் சிறுத்து, அவர் விடுதி வாசலை மிதிக்கிறவரை காதில் இருந்தது.

சாமியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“கொஞ்சம் காசு கொடுங்க சாமி. ஓடிப்போய் அந்தச் சரத்தை வாங்கிடறேன்.”

“வாங்கலாம். அது சரத்துக்கு ஆச்சு. காலையிலேர்ந்து உட்கார்ந்ததுக்கு?”

கலியமூர்த்தி நின்றுகொண்டே இருந்தார். சாமி கையிலிருந்த தேங்காய் மூடியைக் கீழே வைத்தார்.

“காவிக்கு முன்னால ஒன்னு கேட்பேன்னேன்.”

“கேளுங்க சாமி.”

“வீட்டைவிட்டுக் கிளம்புறப்ப உங்க வீட்டம்மாகிட்ட என்ன சொல்லிட்டு வந்தீங்க?”

“எல்லாரும் சொல்றதுதான். போயிட்டு வரேன்னு.”

சாமி துண்டைக் கேட்டு வாங்கினார். ஒரு மூலையில் சிவப்பு நூலால் ‘க’ என்று தைத்திருந்தது. அதை விரலால் ஒருமுறை தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“வேதவல்லியம்மா இப்ப எங்க உட்கார்ந்திருப்பாங்க?”

கலியமூர்த்தி துண்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கீரைத் தட்டைப் பக்கத்தில் இழுத்தார். சத்தம் வராமல் ஆயத் தொடங்கினார்.