எந்தப் பக்கம் திருப்புவது

"அண்ணனைத் திருப்ப முடியலைங்க சாமி" என்றார் சென்னியப்பன்.

குன்றடி மடத்துச் சாமி வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். வயதில் அவர் சென்னியப்பனுக்கு மகன் போல. எடையில் சென்னியப்பனைப் போல இரண்டு பேர். மடத்துச் சோற்றில் குறை சொல்ல முடியாது.

"எதுக்குத் திருப்போணும்?"

"பக்கவாதம் வந்து மல்லாக்கவே கெடக்கறாருங்க. ஒருக்களிச்சுப் படுக்க வெக்கலைன்னா முதுகு புண்ணாயிரும்னு டாக்டர் சொன்னாரு. இப்பவே செவந்து போயிருக்குது. அவருக்குப் பொண்டாட்டியும் போய்ச் சேந்துட்டாங்க, புள்ளையும் இல்லை. நாந்தான் பாக்கோணும். இடுப்புல கை குடுத்துத் தள்றேன். வலியில கத்தறாரே ஒழிய அசையறதில்லைங்க."

சாமி பழத்தை விழுங்கிவிட்டுத் தோலை ஆட்டுக்குப் போட்டார்.

பிறகு தரையில் மல்லாந்து படுத்தார்.

"திருப்புங்க."

"சாமி உடம்பை நான் போய் எப்படிங்க தொடறது?"

"உங்க அண்ணன் உடம்புன்னு நெனச்சுக்கோங்க."

சென்னியப்பன் நீட்டிய கை பின்னால் போனது. சாமி அதைப் பார்த்தார்.

சென்னியப்பன் ஒருவழியாக இடுப்பில் கை கொடுத்துத் தள்ளினார். முக்கி முனகித் தள்ளினார். வேட்டி அவிழ்ந்ததுதான் மிச்சம்.

"அங்கேயும் இப்படித்தான் உங்களை விட்டு அந்தாண்டை தள்ளுவீங்களா?"

"ஆமாங்க. சுவத்துப் பக்கம்."

"ஏன்?"

சென்னியப்பன் வேட்டியைக் கட்டி முடிக்க நெடுநேரம் எடுத்துக்கொண்டார்.

"அம்மா செத்தப்ப நான் பம்பாயில இருந்தனுங்க. ரயிலேறிட்டேன், வந்துருவேன்னு தந்தி குடுத்தேன். வந்து சேர்றதுக்குள்ள அண்ணன் எடுத்துட்டாரு. அம்மா மொகத்தைக் கடைசியா ஒருக்காப் பாக்க விடலைங்க. அன்னையில இருந்து அவரு மொகத்தை நானும் பாக்கறதில்லை."

"சோறு ஊட்டறீங்களே?"

"கரண்டியைத்தான் பாப்பனுங்க."

சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. படுத்தபடியே, சென்னியப்பனுக்கு எட்டத்தில் இருந்த காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றினார். முழங்கால் மேலே தூக்கி நின்றது.

"இந்தக் காலைப் பிடிச்சு உங்க பக்கம் இழுங்க."

சென்னியப்பன் இடுப்பை ஒட்டித் தொடையைப் பிடித்து இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"இன்னும் மேல."

நடுத்தொடையைப் பிடித்தார். உடம்பு கொஞ்சம் இளகிக் கொடுத்தது.

"இன்னும்."

முழங்காலில் கை வைத்தார். இழுத்தாரா, வைத்ததோடு சரியா என்று அவருக்கே தெரியவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு, கதவு திறப்பதைப் போல அவர் பக்கம் திரும்பி வந்தது.

"இடுப்பை விட்டு எட்டப் போகப் போக லேசாகுதுங்களே சாமி."

"ஆமாங்க."

சென்னியப்பன் யோசித்தார்.

"அப்ப கிட்டத்துக் காலை மடக்கி, முட்டியைப் புடிச்சுத் தள்ளுனா, சுவத்துப் பக்கமே போயிருவாருங்களே?"

"போயிருவார். ரெண்டும் லேசுதான்."

"எந்தப் பக்கம் நல்லதுன்னு சொல்லலீங்களே."

சாமி எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. சென்னியப்பன்தான் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. உட்கார்ந்ததும் அவர் இன்னொரு பழத்தை உரிக்கத் தொடங்கினார்.

வீட்டில் அண்ணன் நாச்சிமுத்து கட்டிலில் அதே மாதிரி கிடந்தார்.

சென்னியப்பன் கிட்டத்தில் இருந்த காலை மடக்கினார். முழங்காலில் கை வைத்தார். ஒரு தள்ளு தள்ளினால் போதும்.

அப்போதுதான் அண்ணனின் நல்ல கை கண்ணில் பட்டது. வரப்போகிற வலிக்காக அது கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. தினமும் இப்படித்தான் பிடித்திருப்பார். அதைக்கூடப் பார்க்காமல் இருந்திருக்கிறோமே என்று சென்னியப்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மடக்கிய காலை மெல்ல நீட்டி வைத்தார். குனிந்து எட்டத்துக் காலை மடக்கினார்.

"அண்ணா, கட்டிலை விடுங்க. வலிக்காது."

'அண்ணா' என்பது எத்தனையோ வருஷமாக அந்த வீட்டில் கேட்காத வார்த்தை. கட்டிலைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

சென்னியப்பன் முழங்காலைத் தன் பக்கம் இழுத்தார்.

முனகல்கூட இல்லாமல் அண்ணன் திரும்பி வந்தார். வாசல் வெளிச்சம் முகத்தில் பட்டது. பல் விழுந்து, கன்னம் ஒட்டி, கூச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த முகம் அவரைப் பார்த்தது.

வயதாக வயதாக அண்ணனுக்கு அம்மாவின் முகமே வந்திருந்தது.