பேச்சியம்மாள் வீட்டு மீட்டர்

கோயில் வாசலில் பலூன் விற்கும் பேச்சியம்மாள் வீட்டுக் குழாயில் நாலு குடம் தண்ணீர் வந்தாலே அதிசயம். பில் மட்டும் கல்யாண மண்டபத்துக்கு வருகிற மாதிரி வந்தது. அவள் கட்டவில்லை. இணைப்பைத் துண்டிக்க நகராட்சி இன்ஜினியர் கோதண்டமே ஆளோடு வந்து நின்றார்.

"தண்ணி வர்றதுக்கு முன்னாடி வெறும் காத்துதான் சார் வருது. அதுக்கே மீட்டர் ஓடுது."

"காத்துக்குச் சுத்த இது என்ன காத்தாடியா? என் கண்ணுல காட்டும்மா, இங்கேயே பில்லைக் கிழிச்சிடறேன்!"

அது தண்ணீர் திறந்துவிடும் நேரம். பேச்சியம்மாள் குழாயைத் திறந்து வைத்து, கூடையிலிருந்த பெரிய பலூனை எடுத்துக் குழாயின் வாயில் மாட்டினாள். குழாய் உஸ்ஸென்று இரைந்தது. மீட்டர் முள் விறுவிறுவென்று சுற்றியது. பலூன் பூசணிக்காய் அளவுக்கு உப்பியது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

தெருவே கைகொட்டிச் சிரித்தது. கோதண்டம் பில்லைக் கிழித்தார். "தெருமுனையில காத்து வெளியேற ஒரு வால்வு மாட்டுய்யா, இன்னைக்கே!" என்று ஆளை விரட்டினார்.

பேச்சியம்மாள் பலூனை முடிச்சுப் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"பலூனுக்குப் பத்து ரூபா குடுங்க சார். உள்ள இருக்கிற காத்துக்கு நான் காசு வாங்குறதில்லை."