மூன்று மூலைக் கடல்

கடலோரத்து ஆசிரமம் ஒன்றில் அமுதவாணர் என்ற குரு இருந்தார். அவருடைய சீடர்களில் ஒருவர் பொன்னுரங்கம். குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். துணிக்கடையை மகனிடம் விட்டுவிட்டு ஞானம் தேடி வந்தவர்.

தேடியதில் அவருக்கு முதலில் கிடைத்தது கைபேசியில் ஒரு காணொளி. கப்பல்களும் விமானங்களும் சுவடே இல்லாமல் மறைந்துபோகும் கடல் பகுதிகளைப் பற்றியது. அன்றிலிருந்து தியானத்தில் கண்ணை மூடினால் அவருக்குக் கப்பல்தான் தெரிந்தது.

மாலையானால் கரையில் மீனவர்களிடம் அதைப் பற்றிப் பேசுவார். வீட்டில் இத்தனை வருடத்தில் அவர் பேச்சை ஒருவரும் முழுதாகக் கேட்டதில்லை. இங்கே வலை பின்னுகிறவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

ஒருநாள் மணலில் மூன்று புள்ளி வைத்தார். மாதா கோவில், கலங்கரை விளக்கம், எதிரே தெரியும் கொக்குத் தீவு. மூன்றையும் கோடு போட்டு இணைத்தார்.

“பாத்தீங்களா? நம்ம கடல்லயும் ஒரு முக்கோணம் இருக்கு!”

கூட்டம் கோட்டைச் சுற்றி நெருங்கி வந்தது.

“என் தூண்டில் அங்கதான் தொலைஞ்சுது” என்றார் ஒருவர்.

“என் செருப்பு ஒண்ணு” என்றார் இன்னொருவர்.

அப்போது தலைக்கு மேலே ஒரு விமானம் முக்கோணத்தை நேராகக் கடந்து போனது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

“அது ரொம்ப உயரத்துல போகுது” என்றார் பொன்னுரங்கம்.

மறுநாள் எந்த வள்ளமும் கடலில் இறங்கவில்லை. அதற்கடுத்த நாளும் இறங்கவில்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மிக்கேலம்மாள் ஆசிரமத்துக்கு வந்தாள். மீனவர் அருளப்பனின் மனைவி.

“சாமி, உங்க அண்ணாச்சி பேச்சைக் கேட்டு எங்க வீட்டுக்காரரு கடலுக்கே போகமாட்டேங்காரு. அடுப்பு பத்த வைக்க வழியில்ல. கடலுக்கு அடியில நகரம் இருக்கா இல்லையான்னு நாள் பூரா யோசிச்சுக்கிட்டுக் கிடக்காரு.”

குரு பொன்னுரங்கத்தை அழைத்தார்.

“அந்த இடத்தைப் பார்க்கணும்னு ஆசையா இருக்கு. நாளைக்குக் காலையில போவோமா?”

பொன்னுரங்கம் ஓரடி பின்வாங்கினார்.

“நானும் வரணுமா சாமி?”

“நீங்க எடுத்துச் சொல்லாம எனக்கு என்ன புரியும்?”

அதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை.

குரு கேட்டதால் அருளப்பனும் மறுக்கவில்லை. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வள்ளத்தைத் தள்ளினார்.

“சாமி, ஒரு வாரமா வெயில்ல கிடந்த வள்ளம். பலகை காஞ்சு வாய் விட்டிருக்கும், தண்ணி ஊறும். பலகை உப்புனா தானா அடைச்சுக்கிடும். அதுவரைக்கும் யாராச்சும் கோரி வெளிய ஊத்திக்கிட்டே வரணும்.”

குரு வள்ளத்துக்குள் கிடந்த டப்பாவை எடுத்துப் பொன்னுரங்கத்திடம் கொடுத்தார். பாய் விரிந்தது. பொன்னுரங்கம் பயத்தில் வேகவேகமாகக் கோரி ஊற்றினார்.

“கப்பல்லாம் எதனால காணாமப் போகுதாம்?” என்று கேட்டார் குரு.

“அஞ்சு காரணம் சொல்றாங்க சாமி. முதல் காரணம் காந்தம். கடலுக்கடியில இருக்கிற காந்தம் திசைகாட்டி முள்ளைச் சுத்த விட்டுடும்.” சொல்லிக்கொண்டே கோரி ஊற்றினார்.

“அப்புறம்?”

“ரெண்டாவது, வாயு!” பொன்னுரங்கம் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்போது அவருக்குப் பயம் போய்விட்டது. “கடலுக்கடியிலேர்ந்து வாயு குமிழ் குமிழா வரும். தண்ணி லேசாயிடும். கப்பல் அப்படியே பொத்துனு உள்ள போயிரும்.”

“மூணாவது?” என்று கேட்டது அருளப்பன். சுக்கானை விட்டுவிட்டுப் பொன்னுரங்கத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்.

“சுழி! இப்ப இந்த டப்பாதான் கப்பல்னு வைங்க.” டப்பாவைக் காற்றில் சுற்றிக் காட்டினார்.

நாலாவது, கடலடி நகரம். அங்கே தெருவிளக்கு உண்டா என்று அருளப்பன் கேட்டார். அதைப் பற்றி இருவரும் நெடுநேரம் பேசினார்கள். ஐந்தாவது, வேற்றுக் கிரகத்தார். அவர்கள் மீன் சாப்பிடுவார்களா என்பதில் கருத்து வேறுபாடு வந்தது.

குரு வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டார்.

பொன்னுரங்கம் ஏதோ உறுத்தக் கீழே பார்த்தார். அவருடைய செருப்பு இரண்டும் மிதந்துகொண்டிருந்தன.

“ஐயோ! இழுக்குது! சாமி, உள்ள வந்துட்டோம்! இழுக்குது!”

“அஞ்சுல எது?” என்றார் குரு.

பொன்னுரங்கம் உண்மையாகவே யோசித்தார். கைபேசியை எடுத்துப் படம் பிடிக்கப் போனார். வள்ளம் சாய்ந்தது. கைபேசி கையிலிருந்து நழுவிக் கடலுக்குள் போனது.

“போச்சு! பாத்தீங்களா, காணாமப் போச்சு!”

“யண்ணாச்சி, அந்த டப்பாவைக் குடும்யா!” என்று அருளப்பன் பிடுங்கிக்கொண்டார்.

மூவரும் குனிந்து வேலையில் இறங்கினார்கள். அருளப்பன் டப்பாவால் கோரினார். குரு கமண்டலத்தால் கோரினார். பொன்னுரங்கம் இரண்டு கைகளாலும் கோரினார், கோரியதில் பாதி குருவின் மேல் விழுந்தது. மூச்சு வாங்கியது, முதுகு ஒடிந்தது. மெல்ல மெல்ல வள்ளத்தின் விளிம்பு உயர்ந்தது. பலகைகளும் உப்பி அடைத்துக்கொண்டன. நீர் ஊறுவது நின்றது.

அருளப்பன் சுற்றிலும் பார்த்தார். வலக்கையில் மாதா கோவில், பின்னால் கலங்கரை விளக்கம், இடக்கையில் தீவு. முக்கோணத்தின் நட்டநடுவே நின்றிருந்தார்கள். கடல் தட்டுப்போல் கிடந்தது.

“வந்ததுக்கு வலையையாவது போடுவோம்” என்று வலையை எடுத்தார்.

கரையில் ஊரே கூடியிருந்தது. மிக்கேலம்மாள் கூடையோடு தண்ணீருக்குள்ளேயே இறங்கி வந்து மீனை வாங்கிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் மற்ற வள்ளங்களும் கடலுக்குப் போய்விட்டன.

பொன்னுரங்கம் ஈர வேட்டியோடு மணலில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி இப்போது கூட்டம் இல்லை. பக்கத்தில் நின்ற குருவிடம் கேட்டார்.

“சாமி, நடுக்கடல்ல ஒண்ணும் இல்லைதான், ஒத்துக்கறேன். ஆனா நாம முழுகப் போனது நிஜம். அப்படின்னா அந்த இடம் எங்கயோ இருக்கு. அதுக்குள்ள நாம எங்க நுழைஞ்சோம்?”

குரு ஈரத் துண்டைப் பிழிந்து உதறினார்.

“நீங்க முதல் காரணத்தை முடிச்சுட்டு ரெண்டாவதை ஆரம்பிச்சீங்களே, அங்க.”