முறைக்காத கொரில்லா

"அக்கா, என் கொரில்லாத் தளபதி முறைக்க மாட்டேங்குது. கெஞ்சுற மாதிரியே பார்க்குது" என்றாள் செவ்வந்தி.

வேற்றுக்கிரகம் ஒன்றைக் குரங்குகள் ஆளுகிற படம். அதில் வருகிற குரங்கு முகமெல்லாம் செவ்வந்தி செய்தது. அவளுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் மரியக்கா.

"புருவத்தை இறக்கினியா?"

"இறக்கிட்டேன். பல்லையும் பெரிசாக்கிட்டேன். சாயங்காலத்துக்குள்ள கண்ணு சரியாகலைன்னா ஆளையே மாத்திடுவேன்னு டைரக்டர் சொல்லிட்டார். பாவம், உள்ள இருக்கறது மாசிலாமணி அண்ணன்."

"அவர் காலையில என்ன சாப்பிட்டார்?"

"முகத்தை ஒட்டினதுக்கப்புறம் எப்படிக்கா சாப்பிடுவார்? வாயைத் திறந்தா பசை விட்டுடும்."

மரியக்கா பெட்டியிலிருந்து இன்னொரு கொரில்லா முகத்தை எடுத்தார். செவ்வந்தியை உட்கார வைத்துப் பசை தடவி ஒட்டினார். ரோம உடுப்பையும் மாட்டிவிட்டார்.

"போய்ப் பந்தியில உட்காரு."

போனாள். காலையில் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு ஓடி வந்தவள். சாம்பார் வாசனை முகமூடிக்குள் புகுந்து அங்கேயே நின்றது.

பரிமாறுகிற சடையன் அவளைத் தாண்டிப் போனான். அவள் தன் முன்னாலிருந்த பெஞ்சைத் தட்டினாள்.

"கோவிச்சுக்காதீங்க மாசிலாமணியண்ணே" என்றான் சடையன். "குரங்குக்கு இலை போட்டா செவ்வந்தியக்கா என்னைக் கொன்னுடும். நீங்களும்தான் தினம் தட்டுறீங்க. நான் என்ன பண்ணட்டும்?"

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்ததும் மரியக்கா கண்ணாடியை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

செவ்வந்தி பார்த்தாள். கண்ணாடியில் கொரில்லா கெஞ்சியது.

"உரிச்சு விடுங்கக்கா."

உரித்துவிட்டார். அவள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடினாள். மாசிலாமணி செட்டுக்குப் பின்னால், வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் ரோமம், நெஞ்சில் தளபதிப் பதக்கங்கள்.

"வாயை வெட்டிவிடறேண்ணே. சோறு வருது."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பசை விடாமல், உதட்டைப் பிரிக்காமல் பேசினார்.

"வேண்டாம் தாயி. வாய் நல்லா அமைஞ்சிருக்குன்னு டைரக்டரே சொன்னார். கண்ணுதான் பிடிக்கலையாம்."

"அண்ணே, பசியில கண்ணு எப்படி முறைக்கும்..."

"வாயை விட்டுடு. கண்ணை ஏதாச்சும் பண்ணு."