பாலம் என்று பெயர் வாங்கிய குரங்கு

ஒரு காட்டில் செவலை, புள்ளி என்று அக்கா தங்கையாக இரண்டு மான்கள் இருந்தன. ஒரு மழைக்காலத்தில் நிலம் சரிந்து, காட்டின் நடுவில் பெரும் பள்ளம் விழுந்தது. அக்கா செவலை அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள். தங்கை புள்ளி இந்தப் பக்கம் நின்றுவிட்டாள்.

அந்தப் பள்ளத்தைத் தாண்ட வாலன் என்ற குரங்கால் மட்டுமே முடிந்தது. கொடியைப் பிடித்து ஆடி அக்கரைக்குப் போவான். அக்கா சொன்னதைக் கேட்டுவந்து தங்கையிடம் சொல்வான்.

"நீதான் அண்ணே எங்களுக்குப் பாலம்" என்றாள் புள்ளி.

அந்தப் பேச்சு அவனுக்கு வெல்லமாக இனித்தது. மற்ற விலங்குகளும் அவனைப் பாலம் என்றே கூப்பிட ஆரம்பித்தன. வாலனுக்குத் தலைகால் புரியவில்லை.

கோடையில் ஒரு யானையார் அந்த வழியாக வந்தார். பள்ளத்தின் ஓரத்தில் பட்டுப்போய் நின்ற மருத மரத்தைப் பார்த்தார்.

"இதைக் குறுக்கே தள்ளிவிட்டுப் போகட்டுமா? உங்களுக்குப் பாலம் வேண்டாமா?" என்று கேட்டார்.

"எங்களுக்குத்தான் பாலம் இருக்கிறதே, மாமா" என்றாள் புள்ளி வெள்ளந்தியாக.

"அப்படியா? நல்லது" என்று யானையார் தன் வழியே போய்விட்டார்.

வாலன் மேலே கிளையில்தான் இருந்தான். அவர் கேட்ட பாலம் வேறு, இவள் சொன்ன பாலம் வேறு என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். மரம் விழுந்துவிட்டால் அப்புறம் தன்னை யார் தேடுவார்கள் என்று நினைத்தான், பாவி. வாயை மூடிக்கொண்டான்.

அந்தக் கோடையிலேயே அக்கரையில் மூங்கில் உரசித் தீப்பிடித்தது. செவலை பள்ளத்தின் விளிம்புவரை ஓடிவந்து நின்றாள்.

"அண்ணே, எப்படியாவது அக்காவைக் கூட்டிவா!" என்று புள்ளி கதறினாள்.

வாலன் பறந்து போனான். செவலையைத் தூக்கிப் பார்த்தான். இழுத்துப் பார்த்தான். அவனால் அவளை அசைக்க முடியவில்லை.

"நீயாவது போய்விடு. தங்கையைப் பார்த்துக்கொள்" என்றாள் அவள்.

உடம்பெல்லாம் கருகி அவன் மட்டும் திரும்பினான். புள்ளி நெடுநேரம் அழுதாள். பிறகு அவன் காயங்களை நக்கிக்கொடுத்தாள்.

"நீ என்ன அண்ணே செய்வாய்? உன்னால் ஆனதைச் செய்தாய்" என்றாள்.

தீக்காயம் ஆறிவிட்டது. அந்த ஒரு பேச்சு அவனைக் கடைசிவரை சுட்டது.

இருவருக்கு நடுவே தூது போகிறவர், அந்த இருவரும் நேரில் சேர ஒரு வழி வரும்போது அதை மறைத்து நிற்கக் கூடாது.