மூக்கனுக்கு வைத்த பொட்டு

ஒரு கடலோரத்தில் எரிவாயுவை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்று இருந்தது. அங்கே டர்பைன் இருந்தது. எதையும் சத்தம் போட்டுத்தான் சொல்லும். அது விடும் சூட்டை வாங்கித் தண்ணீரை ஆவியாக்கும் கொதிகலன் இருந்தது. மிச்சத்தில் பிழைப்பதாலோ என்னவோ, அடக்கமான பிறவி. இவர்களுக்கெல்லாம் மேலே புகைபோக்கி நின்றது. வெள்ளை பெயிண்ட் அடித்த உடம்பு. கரும்புகை என்றால் என்னவென்றே தெரியாது. அந்தத் திமிர் அதற்குக் கொஞ்சநஞ்சமல்ல.

புகைபோக்கியின் இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி. மேலே போகும் காற்றைக் குழாயால் உறிஞ்சி, அதில் எந்த நஞ்சு எவ்வளவு என்று பார்ப்பது அதன் வேலை. அளவு மீறினால் சிவப்பு விளக்கைப் போடும். மற்றவர்கள் அதற்கு வைத்த பெயர் மூக்கன்.

அன்று ஆயுத பூஜை. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. மின்சாரம் அவ்வளவு வேண்டாம், பாதி உற்பத்தி போதும் என்று உத்தரவு வந்தது.

“ஆளே இல்லாத பஸ்ஸை ஓட்டுற மாதிரி இருக்கு. ஆள் குறைஞ்சா டீசலும் குறைஞ்சிடுமா?” என்று டர்பைன் எரிச்சல்பட்டது. பாதி உற்பத்தியில் அதன் தீ அரைகுறையாக எரிந்து நஞ்சைக் கூட்டியது.

மூக்கன் பட்டென்று சிவப்பைப் போட்டான்.

“அடப்பாவி, அணைடா!” என்று புகைபோக்கி பதறியது. “சாயங்காலம் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வர்றாங்க. ‘தூய்மையான ஆலை’ன்னு என் காலடியில பலகை மாட்டப் போறாங்க. என் மேல ஒரு பொட்டுப் புகை தெரியுதா, சொல்லு?”

“கண்ணுக்குத் தெரியலைதான். எனக்கு நாத்தம் அடிக்குதே.”

“இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தா செத்தா போயிடுவே?”

அந்த நேரம் பார்த்து ஃபிட்டர் குஞ்சிதபாதம் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். எந்த இயந்திரத்தையும் மனக்குறையோடு விடக்கூடாது என்பது அவர் கொள்கை. டர்பைனுக்கு மாலை, கொதிகலனுக்குப் பட்டை. மூக்கனுக்கு, சின்னவன் என்ற பிரியத்தில், தாராளமாகவே அப்பினார். குழாய் வாயில் சந்தனம் அடைத்துக்கொண்டது. சிவப்பு விளக்கின் மேல் குங்குமம் உட்கார்ந்தது. புகைபோக்கிக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

சாயங்காலம் அதிகாரி பலகையோடு வந்தார். ஷிஃப்ட் இன்ஜினியர் பர்வீன், மூக்கன் எடுக்கும் அளவுகள் தெரியும் திரையைக் காட்டினார். எல்லா இடத்திலும் பூஜ்யம்.

“பாத்தீங்களா, ஒண்ணுமே இல்ல!” என்று குஞ்சிதபாதம் பூரித்தார்.

அதிகாரி சிரிக்கவில்லை. “ஆலை ஓடுதா, நின்னுடுச்சா?”

“ஓடுது, மேடம்” என்றார் பர்வீன்.

“ஓடுற ஆலையில பூஜ்யம் எப்படிங்க வரும்? நேத்து வந்த அளவும் இப்படித்தானா? இதுவரைக்கும் நீங்க அனுப்புனதை எல்லாம் நான் எப்படி நம்புறது?”

பர்வீன் ஏணியில் ஏறிப் பார்த்தார். “அண்ணே, இதுக்குமா சந்தனம்?” என்று தலையில் அடித்துக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்தார். குழாய் மூச்சு வாங்கியது. விளக்கு சிவப்பாக எரிந்தது.

“காலையிலேயே இந்தச் சிவப்பு உங்க கண்ணுல பட்டு எனக்குச் சொல்லியிருந்தா, தீயைச் சரிபண்ணச் சொல்லிட்டு, பலகையை மாட்டிட்டுப் போயிருப்பேன்” என்றார் அதிகாரி. பலகையை மறுபடி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

புகைபோக்கிக்கு அவமானமாக இருந்தது. வெள்ளை பெயிண்ட் அப்படியே பளபளத்தது. அதைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. அது மெல்லத் தாழ்ந்த குரலில் கூப்பிட்டது.

“மூக்கா, கோவமா?”

“இல்லண்ணே.”

“அப்ப இனிமே என்னைப் பத்தி உள்ள குறையை எல்லாம் உரக்கச் சொல்லுடா. அப்பத்தான், என்னிக்காவது நான் சுத்தம்னு நீ சொன்னா ஊர் நம்பும்.”